ஆயிரம் மீட்டருக்கு மேல்

கிரூபெனெக், 3 டிசம்பர் 1989

யோடோக்,

கோபம் இன்னும் தீரலை. இருந்தாலும் எழுதறேன். நேத்து ஊர்சபையில ஒரு முடிவு எடுத்துட்டாங்க, அதை நீ வேற யார் வாயிலயும் கேட்கக்கூடாது. பிப்ரவரி ரெண்டு, மெழுகுவர்த்தித் திருநாள் வரைக்கும்தான் கெடு. அதுக்குள்ள பனி விழுந்து நம்ம பனிச்சறுக்கு லிஃப்ட் ஓடணும். இல்லேன்னா வித்துடறாங்களாம்.

பீயுஸ் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னான். தலைவரானதிலிருந்து அவனுக்கு ஒரு மேஜை கிடைச்சா போதும். "பனி இல்லாம மூணாவது வருஷம் எர்னா! புல்லைக் காட்டி எத்தனை நாள் டிக்கெட் விப்பே?"ன்னான். கஸ்பார் பின்வரிசையிலிருந்து, "வித்துத் தொலைங்கய்யா, என் புல்லாவது பொழைக்கட்டும்"னான். சரிவு அவன் மேய்ச்சல் நிலமாச்சே, அவன் கவலை அவனுக்கு. அந்தக் காலத்துல பண்ணையாளுங்க எஜமானை மாத்திக்கறதுக்குன்னு இருந்த அதே திருநாள்ல இப்ப லிஃப்ட் கைமாறப் போகுது.

நீ வாசல்ல பெட்டியோட நின்னு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "லிஃப்ட் ஓடுற அன்னைக்கே அந்த வேலையை உதறிட்டு வந்துடறேன்." நான், "போய்த் தொலை"ன்னேன். நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். நீ சொன்னதை வாங்காதே.

ரேடியோவில தினமும் ஒரே பாட்டு, "ஆயிரம் மீட்டருக்கு மேல் பனி." நம்ம லிஃப்டோட மேல் தூண் நிக்கறது தொள்ளாயிரத்து எழுபதுல. முப்பது மீட்டர்தான் குறையுது, ஏணி வெச்சா எட்டிடும்! அந்த முப்பது மீட்டருக்காக என் புருஷன் மேல பனியாத்துல ஸ்கீ கம்பெனி வேலைக்குப் போய்க் கிடக்கான். போர்வை எடுத்துட்டுப் போகலையே, கம்பெனியில கொடுத்தாங்களா?

எர்னா

—

மேல் நிலையம், 12 டிசம்பர்

எர்னா,

லெட்டர் கிடைச்சுது. போர்வை ரெண்டு கொடுத்தாங்க. சோறு பரவாயில்லை. நம்ம ஊர் மக்காச்சோள ரீபல் கேட்டேன், சமையல்காரன் முழிக்கறான், மக்காச்சோளத்தை மாட்டுக்குத்தான் போடுவாங்கன்னு நினைச்சுட்டிருக்கான்.

இங்க பனிக்குப் பஞ்சம் இல்லை. பனியைச் சமன்படுத்துற வண்டியை ஓட்டறேன். ஏறறது, இறங்கறது, மறுபடி ஏறறது. முதுகு வலிக்குது. வேற விசேஷம் ஒண்ணும் இல்லை.

ஒண்ணு சொல்லணும். தினமும் காலையில கேன்டீன் ஃபோன்ல நம்ம ஊர் பனி நிலவர நம்பரைச் சுத்தறேன். டேப்ல உன் குரல் வரும். "கிரூபெனெக். பள்ளத்தாக்கில் பூஜ்யம், மலையில் எட்டு சென்டிமீட்டர். இழுவை லிஃப்ட் ஓடவில்லை." அவ்வளவுதான். கேட்டுட்டு வெச்சுடுவேன். பின்னால வரிசையில நிக்கற பயலுங்க, "யோவ், பெண்டாட்டிக்கு ஃபோன் பண்ணா நீயும் ஏதாவது பேசணும்யா!"ன்னு கத்தறாங்க. வெள்ளிக்கிழமை நடுவுல இருமினே. ஜுரமா?

பனிச்சரிவு வருமான்னு பார்க்கிற ஆள் ஒருத்தர் இங்க இருக்கார். பேர் எமில். வானிலை வரைபடம் எல்லாம் அவர்கிட்ட வருது. தெற்குக் காத்து நிக்கணும், வடமேற்கிலிருந்து மேகம் வந்து நம்ம மலையில முட்டிக்கிட்டு நிக்கணும், அப்பத்தான் பனின்னார். இது எனக்குத் தெரியாதா? முதல்ல தரை உறையட்டும். அதுக்கு முன்னாடி விழற பனியைப் பார்த்து ஆசைப்படாதே.

யோடோக்

—

கிரூபெனெக், 21 டிசம்பர்

யோடோக்,

ஜுரம் இல்லை, சாதா இருமல்தான். தினமும் கேட்கறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு வார்த்தை கூடப் பேசியிருப்பேனே, மடையா!

ஆசைப்படாதேன்னு எழுதினே. ஆசைப்பட்டுட்டேன். திங்கட்கிழமை காலையில கதவைத் திறந்தா ஒரே வெள்ளை! ஊரே தெருவுக்கு வந்துடுச்சு. விடுதிக்கார அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா, பீயுஸ்கூட சிரிச்சான். நான் ஓடிப்போய் மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். சாயங்காலம் அங்கங்க பனிக்குள்ள கையை விட்டுப் பார்த்தேன். அடியில தரை சில்லுன்னு கூட இல்லை, புல்லு ஈரமா வெதுவெதுன்னு இருந்துச்சு. மேல விழுந்த பனி போர்வை போட்டாப்ல அந்தச் சூட்டை உள்ளயே வெச்சிருச்சு. செவ்வாய்க்கிழமை சூடான தெற்குக் காத்து, எல்லாம் உருகிடுச்சு. புதன்கிழமை கஸ்பார் வேலி ஓரமா நின்னு, "புல்லு நல்லாயிருக்கு எர்னா"ங்கறான். அடிச்சிருப்பேன்.

மிச்சம் இருக்கறது பம்ப் கொட்டகைக்குப் பின்னால, பனி அளக்கற கம்பைச் சுத்தி மட்டும்தான். அங்க வெயிலே படாது, கொட்டகைக் கூரையிலிருந்து சரியறதும் அங்கேயே விழும். கம்பு இருபத்தஞ்சு சென்டிமீட்டர் காட்டுது. பீயுஸ் வந்து, "கம்பு காட்டறதைச் சொல்லு, அதுல என்ன பொய்?"னான். விடுதியில கிறிஸ்துமஸுக்கு முன்பதிவு பண்ணினவங்க எல்லாம் தினமும் அந்த நம்பரைத்தான் சுத்தறாங்களாம். பக்கத்து ஊர்க்காரன் நாப்பதுங்கறான். அவன் கம்பை எந்த ஐஸ் பெட்டிக்குள்ள நட்டிருக்கானோ!

சொல்லிட்டேன். டேப்ல, "மலையில் இருபத்தஞ்சு"ன்னு. கட்டில் அளவு இடத்துல இருக்குதான்.

பேரிக்காய் ரொட்டி அனுப்பியிருக்கேன். தனியா சாப்பிடாதே, அந்தக் கத்தற பயலுங்களுக்கும் கொடு.

எர்னா

—

கிரூபெனெக், 1 ஜனவரி 1990

யோடோக்,

நேத்து மத்தியானம் லிஃப்ட் அடிவாரத்துல ஒரு சாம்பல் கலர் வேன் வந்து நின்னுச்சு. கூரையில ஸ்கீ. கதவுல உங்க கம்பெனி பேர். யாரோ ஒருத்தன் இறங்கி, சரிவைப் பார்த்துட்டு, கையை விரிச்சான். வேன் அப்படியே திரும்பிப் போயிடுச்சு.

நான் ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன். அடுப்புல சூப் வெச்சிருந்தேன்.

முன்சீட்டுல உட்கார்ந்திருந்தது நீயா இல்லையான்னு மட்டும் எழுது. இல்லைன்னு எழுதினாலும் நம்பிக்கறேன்.

எர்னா

—

மேல் நிலையம், 7 ஜனவரி

எர்னா,

நான்தான்.

பயலுங்க அஞ்சு பேர். லீவு கிடைச்சுது. வாரக்கணக்கா இவங்ககிட்ட, என் ஊர்லயும் மலை இருக்கு, என் பெண்டாட்டிதான் லிஃப்ட் ஓட்டறான்னு பெருமை அடிச்சிருந்தேன். காலையில நம்பரைச் சுத்தினா இருபத்தஞ்சுங்கறே. கிளம்புங்கடான்னேன். வளைவு திரும்பினதும் பச்சையா தெரிஞ்சுது. "மாடு மேயற இடத்துக்கா ஸ்கீ கட்டிக்கிட்டு வந்தோம்?"னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவங்களைக் கூட்டிக்கிட்டு எப்படி உன் முன்னாடி வந்து நிக்கறது? நேரா திரும்பச் சொல்லிட்டேன். மேகமூட்டத்துல பகல்லயே உன் ஜன்னல்ல விளக்கு எரிஞ்சதைப் பார்த்தேன்.

நீ திட்டறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அந்தக் கம்பை அங்க நட்டதே நான்தான். வெயில் படாத இடமா பார்த்து, கூரைச் சரிவுக்கு அடியில. அப்ப நீ வேண்டாம்னே, நான் சிரிச்சேன். நம்ம ஊர் இருபத்தஞ்சுக்கு என்ன அர்த்தம்னு உலகத்துல தெரிஞ்ச ரெண்டு பேர்ல நான் ஒருத்தன். வெளியூர்க்காரன் ஏமாறலாம், நான் ஏமாறலாமா? ஆனா உன் குரல்ல கேட்டேன். உன் குரல்ல சொன்னா இருக்கும்னு பட்டுச்சு. வேற என்ன சொல்றது?

சூப் என்ன சூப்?

யோடோக்

—

கிரூபெனெக், 19 ஜனவரி

யோடோக்,

என்ன சூப்பா இருந்தா உனக்கென்ன? பன்னிக்குப் போச்சு.

ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் உன் மேல இருந்த கோபத்தை எல்லாம் டேப்புல காட்டினேன். பத்தாம் தேதி காலையில மைக்கை எடுத்து, "கிரூபெனெக். பள்ளத்தாக்கில் பூஜ்யம். மலையில் பூஜ்யம். பம்ப் கொட்டகைக்குப் பின்னால் பதினெட்டு, அங்கே ஒருத்தர் நிற்கலாம், சறுக்க முடியாது"ன்னு பதிவு பண்ணிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

ஐயோ, ஊர்ல பட்ட பாடு! மத்தியானத்துக்குள்ள விடுதியில பாதி ரூம் காலி. விடுதிக்கார அம்மா, அதான் கட்டிப் பிடிச்சாளே அவ, என் வாசல்ல நின்னு, "உன் புருஷன் போனான்னா எங்க எல்லாரையும் நடுத்தெருவுல நிறுத்துவியா?"ன்னு கத்தினா. அவ சொல்றதும் நியாயம்தான். பீயுஸ் வந்தான், இந்த முறை தட்டறதுக்கு மேஜை இல்லை, கதவைத் தட்டினான். மைக் சாவியை வாங்கிட்டுப் போயிட்டான். இப்ப அவன் மருமக பேசறா. வீட்டிலிருந்தே பேசறா, கம்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கறதில்லை.

கெடுவுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. அந்த எமில்கிட்ட கேளு. உன்கிட்ட கெஞ்சலை. வரைபடத்துல என்ன இருக்குன்னுதான் கேட்கறேன்.

எர்னா

—

மேல் நிலையம், 28 ஜனவரி

அடி எர்னா!

அந்தப் பொண்ணு குரலைக் கேட்டேன். "மலையில் பத்து"ங்கறா. எந்த மலையில? பாட்டு கிளாஸ்ல ஒப்பிக்கற மாதிரி சொல்றா. அதுக்கப்புறம் நம்பரைச் சுத்தறதை விட்டுட்டேன்.

இப்ப நல்லா கேளு. எமில் வரைபடத்தை மேஜையில விரிச்சு எனக்கே நேரா காட்டினார். புதன்கிழமை தெற்குக் காத்து நிக்குது. வியாழக்கிழமை வடமேற்கிலிருந்து பெரிய மேகக் கூட்டம். பூஜ்ய டிகிரி ஆயிரத்து இருநூறு மீட்டர்ல. பனி அதுக்குக் கீழ இருநூறு, முந்நூறு மீட்டர் உருகாம வரும்னு உனக்கே தெரியும். அதாவது தொள்ளாயிரத்து சொச்சம். மேல் தூண் வரைக்கும் ஆச்சா?

மிச்சத்தை நம்ம பள்ளத்தாக்கு பார்த்துக்கும். கொட்டு கொட்டுன்னு கொட்டினா, உருகற பனியே காத்துல இருக்கற சூட்டைக் குடிச்சுடும். நம்மது குறுகலான இடம், வெளியிலிருந்து வேற சூடு சட்டுன்னு உள்ள வராது. பனிக் கோடு இறங்கி இறங்கி அடிவாரம் வரைக்கும் வந்துடும். ஈரப் பனியாத்தான் இருக்கும், கனமா. அதுதான் நல்லது, அடித்தளத்துக்கு அதுதான் வேணும். முப்பது சென்டிமீட்டர் வந்தா மிதிச்சு மிதிச்சே இறுக்கிடலாம். வெள்ளிக்கிழமை காலையில நாலு பேர் மேல போய் வந்தா போதும், லிஃப்ட் ஓடினதா கணக்கு.

ஒரே ஒரு விஷயம், காத்து சும்மா இருக்கணும்.

பையைக் கட்டி வெச்சுட்டேன். ஃபோர்மேன்கிட்ட இன்னும் சொல்லலை. வெள்ளிக்கிழமை சொல்லிடறேன். சந்தோஷமா இருக்கு எர்னா, பயமாவும் இருக்கு.

யோடோக்

—

கிரூபெனெக், 4 பிப்ரவரி

யோடோக்,

வந்துச்சு. எமில் சொன்ன நேரத்துக்கே வந்துச்சு, பொய் சொல்லலை அந்த மனுஷன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை. நான் ரெயின்கோட்டு போட்டுக்கிட்டு மேல் தூண் வரைக்கும் நடந்தேன். அங்க மழை கொஞ்சம் கொஞ்சமா கனத்துது, கோட்டுல விழுந்தா வெள்ளையா ஒரு நொடி நின்னு கரைஞ்சுது. பத்து அடி மேல போனா முழுப் பனி. அங்கேயே நின்னேன். நீ எழுதினாப்லயே கோடு இறங்கிச்சு யோடோக்! என் கால் பக்கத்துல புல்லு வெளுத்துது. ரெண்டாவது தூண் வெளுத்துது. "வா, வா"ன்னு சத்தமாவே கூப்பிட்டேன், யாராவது பார்த்திருந்தா பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க. நடுத் தூணும் வெளுத்துது.

அப்புறம் காத்து வந்துச்சு. தென்மேற்கிலிருந்து, பள்ளத்தாக்கு வாய் வழியா, நேரா. முகத்துல பட்டதுமே தெரிஞ்சுபோச்சு. வெதுவெதுன்னு இருந்துச்சு. கால் மணி நேரத்துல மறுபடி மழை. நடுத் தூண் கறுத்துது, ரெண்டாவது தூண் கறுத்துது, நான் நின்ன இடமும் கறுத்துது. கோடு ஏறி மேல போயிடுச்சு. நான் இறங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயில்ல மெழுகுவர்த்தி மந்திரிச்சுட்டு எல்லாரும் நேரா ஊர்சபைக்குப் போனாங்க. விக்க வேண்டாம்னு கை தூக்கினது நான் ஒருத்திதான். கஸ்பார் கை பாதி தூக்கினான், பீயுஸ் பார்த்ததும் மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டான். ஏதோ கம்பெனி வாங்குதாம், ஏற்கெனவே பேசி வெச்சுட்டாங்க போல. மாசம் முடியறதுக்குள்ள வந்து கழட்டுவாங்க.

நீ பையை அவிழ்த்துடு. உன் மேல கோபம் இல்லை. யார் மேலயும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கலை.

எர்னா

—

மேல் நிலையம், 9 பிப்ரவரி

எர்னா,

இதை நாலாவது தடவை எழுதறேன். (மேல ரெண்டு வரி அடிச்சிருக்கேன், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் படிக்காதே.)

வாங்கினது எங்க கம்பெனி.

புதுசா கத்துக்கறவங்களுக்கு இங்க ஒரு சின்ன லிஃப்ட் வேணுமாம். எனக்கு முன்கூட்டியே தெரியாது, சத்தியமா தெரியாது. செவ்வாய்க்கிழமை ஃபோர்மேன் கேன்டீன்ல வந்து, "கிரூபெனெக் லிஃப்டைப் பத்தி யாருக்காவது தெரியுமா?"ன்னார். பயலுங்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஃபோர்மேன் என் பேரைக் குறிச்சுக்கிட்டார்.

வேற ஆளுங்க வந்தா கடப்பாரையைப் போட்டு உடைச்சு எடுப்பாங்க. நான் வந்தா ஒழுங்கா கழட்டுவேன். அப்படித்தான் மனசைத் தேத்திக்கறேன். வியாழக்கிழமை, பதினஞ்சாம் தேதி. கிரேன், லாரி, நாலு பேர்.

இன்னொண்ணு. நிரந்தர வேலை தர்றேங்கறாங்க. ரெண்டு ரூம் வீடும். ஜன்னல்ல பனியாறு தெரியும். நான் சரின்னுட்டேன். உன்னைக் கேட்காம சொன்னது தப்புதான், ஆனா கேட்டா நீ என்ன சொல்லியிருப்பே? ஊர்ல எதைக் கட்டிக்கிட்டு உட்காரப் போறோம் இனிமே?

திரும்பும்போது லாரியில என் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கும். மத்தவங்க வேன்ல வருவாங்க. நீ வருவியா எர்னா? ஒரு வரி எழுதிப் போடு.

யோடோக்

—

கிரூபெனெக், 12 பிப்ரவரி

யோடோக்,

நிலவரம் சொல்றேன், கேட்டுக்க. நாலு நாளா வானம் தெளிஞ்சு கிடக்கு, காலையில மைனஸ் பதினொண்ணு. கஸ்பார் வேலிக்குக் குழி தோண்டப் பார்த்தான், கடப்பாரை எகிறிடுச்சு. தரை இரும்பாயிடுச்சு. ரேடியோவில புதன்கிழமை மத்தியானத்திலிருந்து வடமேற்கு மேகம்ங்கறாங்க, அடிவாரம் வரைக்கும் பனி, காத்து இல்லை. "ஆயிரம் மீட்டருக்கு மேல்"னு சொல்லலை. எல்லா இடத்துலயும்னு சொன்னாங்க. அரை மீட்டர் வரும்னு எனக்குத் தோணுது. இந்த வருஷத்துல நான் முழுசா நம்பற முதல் நிலவரம் இதுதான்.

அதனால சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுட்டு வா. வளைவுல கிரேன் வழுக்கும், நீ முன்னாடி நடந்து வழி காட்டு. கஸ்பார் புல்வெளியில வண்டியை ஏத்தாதே, வேலி ஓரமா நிறுத்து.

சீட்டைப் பத்தி நேர்ல சொல்றேன்.

எர்னா

—

மேல் நிலையம், 17 பிப்ரவரி

எர்னா,

பத்திரமா வந்து சேர்ந்தோம். சங்கிலி போடச் சொன்னது நல்லதாப் போச்சு.

நீ அரை மீட்டர்னே, நான் அளந்தேன், அம்பத்திமூணு. தூண்களோட போல்ட்டைக் கண்டுபிடிக்கவே காலையிலிருந்து மண்வெட்டியால பனியை அள்ள வேண்டியிருந்துச்சு. மாவு மாதிரி பனி. மேல சரிவுல ஊர்க்காரங்க ஸ்கீயைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தே ஏறி, சறுக்கி வந்தாங்க. ஒவ்வொருத்தரா கிரேனைச் சுத்திக்கிட்டு இறங்கினாங்க, ஒருத்தரும் எங்களைத் திட்டக்கூட இல்லை. பீயுஸ் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, "ரெண்டு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். பனியைத்தான் சொன்னான்னு நினைக்கறேன். அன்னைக்கு மாடு மேயற இடம்னானே அந்தப் பய, மண்வெட்டியை ஊனிக்கிட்டு, "இவ்வளவு நல்ல மலையை எதுக்கய்யா விக்கறாங்க?"ன்னு என்னைக் கேட்டான். நான் போல்ட்டைத் திருகிட்டே இருந்தேன்.

மத்தியானம் நீ காபி கொண்டுவந்தே. தட்டுல கப்பு, சர்க்கரைக் கிண்ணம். கிரேன்காரருக்கு ஊத்தினே, "சர்க்கரை போடட்டுமா?"ன்னு கேட்டே. அடுத்தவனுக்கு ஊத்தினே, கேட்டே. பயலுங்க எல்லாரும் மரியாதையா தொப்பியைக் கழட்டினாங்க. நான் கடைசியா நின்னேன். சீட்டைப் பத்தி இப்ப சொல்லுவேன்னு நினைச்சேன். நீ என் கப்பை நிரப்பிட்டு, முகத்தைப் பார்த்து, வெளியாளுங்களைக் கேட்ட அதே குரல்ல, "உங்களுக்குச் சர்க்கரை போடட்டுமா?"ன்னு கேட்டே.

எனக்கு ரெண்டு ஸ்பூன். கல்யாணமான நாளிலிருந்து நீதான் கேட்காமலே போட்டுத் தர்றே. நான், "வேண்டாம்"னு சொல்லி வாங்கிக்கிட்டேன்.

யோடோக்